மலையில் தீபம் தெரியும் முன்

ஆஸ்பத்திரியில் மருந்து அலமாரியைப் பூட்டும் சத்தம் கேட்டால், நர்ஸான எனக்கு இன்றும் முதுகு சில்லிடும்.

எண்பதுகளில், திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்தன்று மலைமேல் தீபம் தெரிந்த பிறகுதான் வீட்டில் விளக்கேற்றுவோம். அதுவரை தெருவே இருண்டு கிடக்கும். அந்த இருட்டில்தான் அக்கா நர்ஸ் படிப்புக்கு ஓடிப்போனாள்.

அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம் பேசிமுடித்திருந்தார்கள். தீபத்தன்று அப்பா என்னை அறையில் தள்ளினார். "நீயும் ஓடலாம்னு பாக்கறியா?" என்று வெளியே பூட்டினார்.

இருட்டியதும் பூட்டு திறக்கும் சத்தம். அப்பாதான் என்று சுவரோடு ஒண்டினேன். அம்மா!

"எல்லாரும் மலையப் பாத்துனு இருக்காங்க. அக்காகிட்ட போயிடுடி."

தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன். எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது. எங்கள் வீடு மட்டும் இருட்டாகவே இருந்தது.

கடைசிக் காலத்தில் அம்மா என் வார்டில்தான் கிடந்தாள். அன்றைக்கு நான் போனபிறகு அப்பா என்ன செய்தார் என்று கேட்டேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.