ஓரங்கட்டி நின்ற இடங்கள்

திண்டுக்கல்லிலிருந்து திருச்சி போகும் சாலையை நாலு வழியாக்கும் வேலை தொடங்கியிருந்த காலத்தில், ஒரு காண்டிராக்ட் கம்பெனியில் நான் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஜீப் ஓட்டினேன் என்பது பாதிதான் உண்மை. ஜீப்புக்குப் பின்னால் ஒரு வீட்டையும் இழுத்துக்கொண்டு போனேன். தகரமும் பிளைவுட்டும் வைத்துச் செய்த பெட்டி வீடு. உள்ளே இரண்டு கட்டில், ஒரு காஸ் அடுப்பு, வரைபடம் விரித்துப் பார்க்க ஒரு மேசை. அடியில் இரண்டே சக்கரம். சர்வேயர் எந்த இடத்தில் அளக்கப் போகிறாரோ அங்கே அதைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். வேலை முடிகிற வரை அவரும் நானும் அதில்தான் படுக்கை, சமையல் எல்லாம்.

கம்பெனியில் அதைக் கேரவன் என்பார்கள். ஊர்க்காரர்களுக்கு அது பெட்டி. எங்களைக் கண்டால் ‘பெட்டி வருதுடா’ என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். பெட்டி நின்ற இடத்தில் கொஞ்ச நாளில் ரோட்டுக்கு எல்லைக் கல் ஊன்றுவார்கள், கல் ஊன்றினால் தோட்டம் போய்விடும் என்பது அவர்கள் கண்டிருந்த நடப்பு. அதனால் டீக்கடையில் நாங்கள் போய் உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகிவிடும். எங்களுக்கும் அவர்கள்மேல் சந்தேகம்தான். சர்வேயர் கன்னியாகுமரிப் பக்கத்து இளைஞர். இதற்கு முன் வேலை பார்த்த இடத்தில் அவருடைய அளக்கும் கருவியை யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதிலிருந்து கருவிப் பெட்டியை இரண்டு கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டுதான் ஜீப்பில் உட்காருவார். தூங்கும்போது கட்டிலுக்கடியில்கூட வைக்க மாட்டார், தலைமாட்டில்தான்.

நான் அதற்கு முன்பு மினி பஸ் ஓட்டியவன். அடுத்த பஸ்ஸுக்கு முன்னால் போய் ஆளை ஏற்றுவதுதான் அங்கே தொழில். அந்தப் பழக்கத்தில் முதல் வாரம் பெட்டியையும் அப்படியே இழுத்தேன். ஒரு இறக்கத்தில் பின்னாலிருந்து யாரோ ஜீப்பின் சட்டையைப் பிடித்து இப்படியும் அப்படியும் உலுக்குகிற மாதிரி இருந்தது. கண்ணாடியில் பார்த்தால் பெட்டி வலதும் இடதுமாக ஆடுகிறது. பயத்தில் பிரேக்கை அழுத்தினேன். ஆட்டம் இரண்டு மடங்கானது. காலை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கை மட்டும் நேராகப் பிடித்தபோதுதான் தானாக அடங்கியது. அன்றைக்கே முடிவு பண்ணினேன், நாற்பதுக்கு மேல் போவதில்லை என்று.

நாற்பதில் போனால் வேறொரு தொல்லை. அப்போது பாதி இடத்தில் பழைய ரோடுதான், வேலை நடக்கிற இடத்தில் அதிலும் பாதி. பெட்டி ஜீப்பைவிட அகலம். பின்னால் வருகிறவனுக்கு எதிரே என்ன வருகிறது என்றே தெரியாது. ஹாரன் அடித்துப் பார்ப்பான், பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஏறுவான். அதனால் பின்னால் நாலைந்து வண்டி சேர்ந்துவிட்டால், நல்ல இடமாகப் பார்த்து இண்டிகேட்டர் போட்டு ஓரங்கட்டி நிற்பேன். எல்லாம் போன பிறகு கிளம்புவேன். பஸ் டிரைவர்கள் சிலர் போகிறபோது கையைத் தூக்கிக் காட்டுவார்கள். ஒருவரும் என் பெயரைக் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. இருந்தாலும் அந்த ரோட்டில் எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை அதுதான்.

அய்யலூர் தாண்டி ஒரு ஓடையில் புதிய பாலம் வருவதாக இருந்தது. அங்கே பெட்டியை இழுத்துப் போன அன்று ஆட்டுச் சந்தை. எதிரே மினி லாரிகள் ஆடுகளை நெருக்கி ஏற்றிக்கொண்டு வந்தன. திண்டுக்கல் ஊர் எல்லையைத் தாண்டியதும் முதல் தடவை ஓரங்கட்டினேன். ஒரு பஸ், இரண்டு லாரி, ஒரு கார் போயின. ஒரு மொபெட் மட்டும் போகவில்லை. கொஞ்சம் பின்னால் தள்ளி, புளியமரத்தடியில் நின்றது. ஓட்டி வந்தது ஒரு அம்மா. நாற்பத்தைந்து வயது இருக்கும். சேலை முந்தானையை இழுத்துச் செருகியிருந்தார். முன்னால் காலி பூச்சாக்கு மடித்து வைத்திருந்தது. காலையில் பூ மார்க்கெட்டில் போட்டுவிட்டு ஊருக்குத் திரும்புகிறவராக இருக்கும் என்று நினைத்தேன்.

நான் கிளம்பினேன். அவரும் கிளம்பினார். இரண்டாவது தடவை நின்றபோதும் எல்லா வண்டியும் போக, மொபெட் நின்றது. சர்வேயர் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

“அண்ணே, அந்த வண்டி நம்மள விட மாட்டேங்குதே.”

“பூக்காரம்மா சார். வெயிலுக்கு நின்னு நின்னு வருது போல.”

“நாம நிக்கிறப்ப மட்டும் எப்படி வெயில் அடிக்கும்?”

அது சரியாகத்தான் பட்டது. எனக்கும் உள்ளே அரிக்கத் தொடங்கியது. வடமதுரையில் டீக்கடை ஓரம் நிறுத்தினோம். அந்தம்மா எதிர்வரிசையில் ஒரு சைக்கிள் கடையை ஒட்டி நின்று, டயரைக் குனிந்து பார்க்கிற மாதிரி எங்களையே பார்த்தார். டயரில் ஒன்றுமில்லை என்று எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. சர்வேயர் டீயைக் குடிக்காமலே எழுந்தார்.

“வேவு பாக்க பொம்பளைய விட்டாத்தான் யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. முன்னாடி எங்கயாச்சும் ஆள் நிப்பாட்டியிருப்பாங்க. மிதிங்கண்ணே, ரோடு காலியாத்தான இருக்கு. மொபெட் எவ்வளவு ஓடிரும்?”

மிதித்தேன். ஐம்பது, ஐம்பத்தைந்து. கண்ணாடியில் அந்தம்மா சின்னப் புள்ளியாகிக்கொண்டே போனார். சர்வேயர் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. அறுபதை நெருங்கும்போது முதுகில் தெரிந்தது. சீட்டு லேசாக இடதுபக்கம் இழுத்தது, பிறகு வலதுபக்கம். பெட்டி ஆட ஆரம்பித்துவிட்டது. எதிரே ஆடு ஏற்றிய மினி லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது.

“பிரேக்கு, பிரேக்கு!” என்று கத்தினார் சர்வேயர்.

நான் பிரேக்கைத் தொடவில்லை. காலை எடுத்தேன், ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தேன். பெட்டி அதன் இஷ்டத்துக்கு நடுரோட்டுக்குப் போய்த் திரும்பி வந்தது. மினி லாரிக்காரன் கெட்டிக்காரன். ஹாரன் அடித்து நேரத்தை வீணாக்காமல் சட்டென்று மண்ணில் இறக்கிவிட்டான். எங்களைத் தாண்டும்போது ஆடுகள் மொத்தமாகக் கத்தின. அதற்கு மேலே அவன் குரல் கேட்டது. என்ன திட்டினான் என்பதை இங்கே எழுத முடியாது.

ஆட்டம் அடங்கியதும் ஓரங்கட்டினேன். சர்வேயர் கருவிப் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசுவதற்குள் மொபெட் வந்துவிட்டது. இந்தத் தடவை தள்ளி நிற்கவில்லை. ஜீப்புக்கு முன்னால் குறுக்கே கொண்டுவந்து நிறுத்தினார்.

“ஏன் தம்பி, இம்புட்டு நேரம் எறும்பு கணக்கா வந்தீக. நான் பாக்குறேன்னு தெரிஞ்சதும் பறக்குறீக. அப்ப என்னமோ இருக்கு!”

“நீங்க ஏங்க்கா எங்க பின்னாடியே வாரீக?”

“பெட்டி எங்க போயி நிக்கிதுன்னு பாக்கத்தான். எங்க அக்கா ஊர்ல நின்னுச்சு. தென்னந்தோப்பு போச்சு. இப்ப எங்க நிப்பாட்டப் போறீக?”

“அய்யலூர் தாண்டி ஓடைக்கிட்ட. பாலத்துக்கு.”

“எங்க ஊருப் பக்கம் இல்லியே?”

சர்வேயர் இறங்கி வந்தார். “நீங்க எந்த ஊரும்மா?”

“அத எதுக்கு ஒங்ககிட்டச் சொல்லணும்?” என்றார்.

தன் ஊருக்குத் திரும்புகிற பாதையை எப்போதோ தாண்டித்தான் வந்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. ஓடை வரைக்கும் வந்தார். நான் கொக்கியைக் கழற்றியதையும், பெட்டியின் சக்கரத்துக்குக் கல் வைத்ததையும் நின்று பார்த்தார். ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்து, “கட்டிலெல்லாம் போட்டிருக்கீக. ரொம்ப நாளைக்குத்தான் வந்திருக்கீக” என்றார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தோம். இரண்டு மாதம் இருக்கும். ஒரு காலையில் அதே மொபெட் ஓடைக்கரைக்கு வந்தது. பின்னால் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். அந்தம்மாவின் கொழுந்தன், வீட்டுக்காரரின் தம்பி. அந்தம்மாவின் முகம் வாடிப்போயிருந்தது.

அவர் ஊரில் கல் ஊன்றிவிட்டார்கள். ரோட்டுக்கு மேற்கே இருந்த தோட்டங்களில் ஒரு பட்டை போய்விட்டது. கொழுந்தனுடையதும் அதில். கிழக்கே இருந்த அந்தம்மாவின் சம்பங்கித் தோட்டத்தை யாரும் தொடவில்லை. எந்தப் பக்கம் அகலப்படுத்துவது என்பதெல்லாம் நாங்கள் பெட்டியில் ஏறுவதற்கு முன்பே ஏதோ ஆபீசில் முடிவானது. ஆனால் அதை யார் நம்புவார்கள்? அந்தம்மாதான் எங்களிடம் பேசி ரோட்டை மேற்கே தள்ளிவிட்டார் என்று பங்காளிகள் கூடி, பொதுக்கிணற்றில் அந்தம்மாவின் தண்ணீர் முறையை நிறுத்திவிட்டார்கள். பூச்செடி காய்ந்துகொண்டிருந்தது.

“இந்தத் தம்பியவே கேளு” என்று கொழுந்தனிடம் சொன்னார் அந்தம்மா. “நான் ஏதாச்சும் ரகசியம் பேசுனனான்னு.”

கொழுந்தன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அன்னைக்கு நான் பஸ்ஸுல வந்தேன். நீங்க ஓரங்கட்டி நிக்கிறீக, மதினி பின்னாடி நிக்கிறாக. எங்க ஊருப் பய ஒருத்தன் லாரில வந்தான். அவன் பாத்தப்பவும் வேற ஒரு எடத்துல அதே மாதிரி நிக்கிறீக. வடமதுரையில டீக்கடையில நின்னீக. அதுக்கப்புறம் ரோட்டுல வண்டியக் குறுக்கப் போட்டுப் பேசியிருக்கீக. ரோட்டுல போறவன் ஒவ்வொரு எடத்துலயும் எதுக்கு ஓரங்கட்டுறான்? பேரம் பேசாம?”

முன்பின் தெரியாத டிரைவர்களுக்கு வழி விட்டது ஒரு குடும்பத்தின் தண்ணீரை நிறுத்தியிருக்கிறது.

“சார், நீங்க ஒரு நடை அவங்க ஊருக்கு வந்து சொல்லிட்டா...” என்று சர்வேயரிடம் ஆரம்பித்தேன். அவர் என்னை ஓரமாக இழுத்துப் போய், “உங்களுக்குப் புத்தி இருக்காண்ணே? ஊருக்குள்ள வரவச்சுக் கட்டிப் போடத்தான் இந்த நாடகம்” என்றார். அவர் சொன்னதையும் தள்ளிவிட முடியவில்லை. பக்கத்து வேலையில் அப்படி நடந்திருந்தது.

அன்றைக்குப் பெட்டியின் சக்கர பேரிங் மாற்றத் திண்டுக்கல்லுக்கு இழுத்துப் போக வேண்டியிருந்தது. கொழுந்தனிடம் சொன்னேன்: “அண்ணே, ஊருக்கெல்லாம் நான் வரல. என்கூட ஜீப்புல வடமதுரை வரைக்கும் வாங்க. நான் ஏன் நிக்கிறேன்னு நீங்களே பாருங்க.”

அவர் யோசித்தார். ஜீப்புக்குள் தலையை விட்டு வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்த்த பிறகே ஏறினார். அந்தம்மா அன்றைக்கு மாதிரியே பின்னால் மொபெட்டில் வந்தார்.

கொழுந்தன் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முதல் தடவை ஓரங்கட்டியபோது வரிசையாக வண்டிகள் போவதை எண்ணுகிற மாதிரி உதடு அசைந்தது. பஸ் டிரைவர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

“அந்த டிரைவரு ஒங்களுக்குச் சொந்தமா?”

“இல்லண்ணே. வழி விட்டதுக்குக் கை காமிக்கிறாரு.”

“சும்மாவா?”

“சும்மாதான்.”

பஸ் மறைகிற வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, “ரோடு வெறிச்சுன்னு கெடக்கு. செத்த வேகமாப் போனா என்ன?” என்று கேட்டார். அன்றைக்கு அவர் மதினியைப் பார்த்து நாங்கள் பயந்து ஓடியதையும், பெட்டி ஆடியதையும், ஆட்டு லாரி மண்ணில் இறங்கியதையும் சொன்னேன். திரும்பி மொபெட்டைப் பார்த்தார். “எங்க மதினியப் பாத்தா பயந்தீக?” என்றார். சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

வடமதுரையில் இறங்கினார். அந்தம்மா வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். “என்னப்பா, இப்பவாச்சும் நம்புறியா?”

“ஓரங்கட்டுறது நெசந்தான்” என்றார் கொழுந்தன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னை ஒரு தடவை பார்த்தார். “ஆனா நான் கூட இருக்கேன்னு இன்னைக்கி ரெண்டு தடவ சேத்து ஓரங்கட்டியிருக்கலாம்ல?”

அந்தம்மாவுக்கு வந்த கோபத்தில் அவரை அங்கேயே விட்டுவிட்டு மொபெட்டைக் கிளப்பினார். கொழுந்தன் பின்னாலேயே ஓடிப் போய் ஏறிக்கொண்டார்.

தண்ணீர் முறை கிடைத்ததா என்று எனக்கு வெகுநாள் தெரியாது. பாலம் முடிந்து, ரோட்டின் ஒரு பக்கம் தார் போட்ட பிறகு, பூ மார்க்கெட் வாசலில் அந்தம்மாவைப் பார்த்தேன். மொபெட்டின் முன்னால் சாக்கு நிறைய சம்பங்கி.

“தண்ணி விட்டாங்களாக்கா?”

“மறுவாரமே விட்டாக. கொழுந்தந்தான் பேசுனான். ஒரு பக்கம் எனக்காகப் பேசுவான், இன்னொரு பக்கம் இன்னும் ஒரு மாதிரிப் பாப்பான். பாக்கட்டும்.”

“நீங்களாவது எங்கள நம்புறீகளா?”

“அது வேற கத” என்றார். ஜீப்புக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அங்கே கொக்கி மட்டும் இருந்தது. “பெட்டி எங்க?”

“வேற வேலைக்கு அனுப்பிட்டாங்க. கரூர்ப் பக்கம்.”

“அங்க யாரு தோட்டமோ” என்றார். சாக்கைச் சரிசெய்துகொண்டு, உள்ளே நுழைய நின்ற ஒரு தள்ளுவண்டிக்கு முதலில் போகும்படி கையைக் காட்டிவிட்டு, அதன் பின்னால் போனார்.