நாலா மீன்களும் தண்ணீர் வரும் நாளும்

மீன் வளர்க்கிற மனுஷனைக் கட்டிக்கொண்டால் முதலில் பறிபோவது பாத்திரங்கள்தான். என் வீட்டில் டீ வடிகட்டி போயிற்று, மாவுக் கரண்டி போயிற்று, துணி ஊறவைக்க வாங்கிய வெள்ளை டப்பும் போயிற்று. கடையில் விற்கிற தங்க மீனுக்காக என்றாலும் மனசு ஆறும். விரல் நீளம்கூட இல்லாத நாலா மீனுக்காக!

அப்போது பத்துபஸ்தியில் குவார்ட்டர்ஸில் இருந்தோம். வீட்டுக்குப் பின்னால் ஒரு ஓடை. இங்கே எல்லாரும் சொல்வதுபோல நாங்களும் அதை நாலா என்போம். ராமநாதபுரத்தில் கல்யாணத்தை முடித்து, கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டே இந்தத் தீவில் வந்து இறங்கியவள் நான். அக்கம்பக்கத்தார் பேசும் ஹிந்தி ஒரு அட்சரம் புரியாது. சாயங்காலமானால் என் வீட்டுக்காரர் என்னை நாலாவின் சிமெண்ட் பாலத்துக்குக் கூட்டிப்போவார். காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து பொரி போடுவோம். பக்கவாட்டில் கறுப்புக் கோடு போட்ட குட்டி மீன்கள் கூட்டமாக வந்து மொய்க்கும். அம்மாவை நினைத்து நான் அழுததும் அங்கேதான், ஒருநாள் அழ மறந்துபோனதும் அங்கேதான்.

பல வருஷம் கழித்து, நாலாவை கான்கிரீட் போட்டு மூடப்போகிறார்கள் என்று தெரிந்தது. அவர் பேண்ட்டை மடித்துக்கொண்டு பழைய கொசுவலையோடு இறங்கிவிட்டார். ஒன்பது மீன் கிடைத்தன. கண்ணாடித் தொட்டியில் விட்டுவிட்டு, "இதுங்க ரெண்டு மூணு வருஷம் இருந்தாலே பெருசு. குஞ்சு எடுத்தாத்தான் உண்டு" என்றார். அடுத்த மாதமே நாலா மூடப்பட்டது.

குஞ்சு எடுப்பது லேசா? பெற்றதுகளே திரும்பி வந்து முட்டையைத் தின்றுவிடும். என்ன ஜென்மங்களோ என்று தொட்டியைப் பார்த்துத் திட்டுவேன். ஒவ்வொன்றாகச் செத்து, ஒன்பது நான்காயிற்று. அதில் பெட்டை ஒன்றே ஒன்று, அதுவும் கிழவி. கடைசியில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. வருஷத்தின் முதல் மழைத்தண்ணீரை வெள்ளை டப்பில் பிடித்து, பாதி ஆழத்தில் கொசுவலையைக் கட்டி, அதற்கு மேலே மீன்களை விட்டார். முட்டை வலைக்கண் வழியே கீழே விழும், மீன் அதை எட்ட முடியாது. மறுநாள் விடிகாலையில் பெட்டை முட்டை போட்டுவிட்டது. மீன்களைத் தொட்டிக்கு மாற்றி, வலையையும் கழற்றிவிட்டு என்னை எழுப்பினார். "டப்புல முட்டை இருக்கு, தொட்டுறாத" என்றார். நான் கண்ணைத் திறக்காமலே "ம்" என்றேன். அவர் அக்கரையில் பாம்பூஃப்ளாட்டில் இருக்கும் வேலைக்குப் படகைப் பிடிக்கக் கிளம்பிப்போனார்.

எங்களுக்குக் குழாயில் தண்ணீர் மூன்று நாளுக்கு ஒரு தடவைதான் வரும். எந்த நேரம் என்று யாருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டு பெங்காலி அம்மா "பானி ஆ கயா" என்று குரல் கொடுத்தால் போதும், தூக்கத்திலேயே ஓடுவோம். பாத்திரத்தில் இருக்கிற பழைய தண்ணீரைக் கொல்லையிலுள்ள நீல டிரம்மில் கொட்டு, கழுவு, புதுசைப் பிடி. கை தானாகச் செய்யும். அன்றும் செய்தது. மீன் முட்டை கண்ணாடிபோல இருக்கும், கண்ணுக்கே தெரியாது. டப்பைக் கவிழ்த்து, தேய்த்துக் கழுவி, நிரப்பியும் வைத்துவிட்டேன்.

காப்பி ஆற்றும்போதுதான் உறைத்தது. அடிப்பாவி, என்ன காரியம் செய்தேன்! டிரம்மில் டார்ச் அடித்துத் துழாவினேன். பாசி பிடித்த தண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. இதில் எது பிழைக்கும் என்று விட்டுவிட்டேன்.

அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. மூன்று நாள் அவர் லென்ஸை வைத்துக்கொண்டு அந்த வெறும் குழாய்த்தண்ணீரைப் பார்த்தார். நான்காம் நாள் கொட்டினார். அதே வாரம் பெட்டையும் செத்தது. செம்பருத்தி அடியில் புதைத்துவிட்டு வந்து கை கழுவினார்.

மழை பிடித்துக்கொண்டதால் டிரம்மை யாரும் தொடவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம், மிதியடி துவைக்க மக்கை விட்டு மொண்டேன். மக்குக்குள் நகக்கீற்று அளவில் ஏதோ ஓடியது. கொசுப்புழு என்றுதான் நினைத்தேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பக்கவாட்டில் கறுப்புக் கோடு.

மிதியடி கிடந்த இடத்திலேயே கிடந்தது. அவர் படகு இறங்கி வரும்வரை மக்கைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றேன். வந்ததும் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மக்கை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"அன்னைக்கே தெரியும். டப்புல குளோரின் வாடை அடிச்சுச்சு."

"தெரிஞ்சுமா மூணு நாள் அதையே பாத்துக்கிட்டு இருந்தீங்க?"

"நீயே சொல்லுவேன்னு பாத்தேன். நீ மீன் கொழம்பு வைக்கிறதையே நிறுத்திட்ட. சரி, அந்தத் தண்டனையே போதும்னு விட்டுட்டேன்."

மூன்று வாரம் என்னை இப்படி வேகவிட்டாரே என்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அன்று ராத்திரி மீன் குழம்பு வைத்தேன், காரம் தூக்கலாக.

இப்போது மின்னி பே என்ற இடத்தில் சொந்த வீடு. பத்துபஸ்தியில் நாலா ஓடிய இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். டிரம்மில் பிழைத்தவற்றின் பேரன் பேத்திகள் எங்கள் கூடத்துத் தொட்டியில் இருக்கின்றன. சாயங்காலம் அதன் முன்னால் இரண்டு நாற்காலி போட்டு உட்காருவோம். நான் நாலு பொரி போடுவேன். தண்ணீர் கெட்டுப்போகும் என்று முணுமுணுப்பார். பிறகு என் கையிலிருந்து இரண்டு பொரி எடுத்து அவரும் போடுவார்.