சிவப்புத் தரை போட்ட மாரிஸ் வண்டி

அந்த வண்டியை என் வீட்டுக்காரர் அரியலூரில் இடிக்கப்போகிற ஒரு பழைய வீட்டிலிருந்து எடுத்து வந்தார். வாங்கினார் என்று சொல்ல முடியாது. இடத்தைக் காலி பண்ணினால் போதும் என்று கொடுத்துவிட்டார்கள். டிராக்டரில் கயிறு கட்டிப் பெரம்பலூர் வரை இழுத்து வந்தார். வழி முழுக்கச் சுண்ணாம்புக்கல் லாரிகள். வீடு வந்து சேர்ந்தபோது வண்டியும் அவரும் ஒரே வெள்ளையாக இருந்தார்கள். மாமியார் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

“ஏன்டா, பொணத்த எதுக்குடா வூட்டுக்கு இழுத்துட்டு வந்த?”

அது மாரிஸ் மைனர். இங்கிலாந்து வண்டி. சின்னது, உருண்டையானது. திரும்பும்போது கதவுக்குப் பின்னால் இருக்கும் தூணிலிருந்து விரல் மாதிரி ஒரு விளக்கு வெளியே நீளும். ஆனால் அன்றைக்கு விளக்கும் நீளவில்லை, வண்டியும் நகரவில்லை. கீழே குனிந்து பார்த்தால் தரைத் தகடு சல்லடையாக இருந்தது. புளியமரத்தடியில் தள்ளிவிட்டு அதற்கு ஒரு தார்ப்பாய் போர்த்தினார்.

அவர் பஸ் ஷெட்டில் மெக்கானிக். அவர் போட்ட கணக்கு இதுதான். கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரு கார் வேண்டும். எங்கள் பக்கத்தில் வசதி இல்லாதவர்கள்கூட அந்த ஒரு பொழுதுக்கு மாப்பிள்ளையைக் காரில் உட்கார வைத்துத்தான் தெருவைச் சுற்றிக் கூட்டி வருவார்கள். பூ கட்டினால் எடுப்பாகத் தெரிகிற பழைய உருண்டை வண்டி என்றால் தனி மவுசு. அதற்குத் திருச்சிக்குப் போக வேண்டும். பெரம்பலூரிலேயே ஒன்று இருந்தால் முகூர்த்த மாதங்களில் ஓய்வே இருக்காது. மற்ற மாதங்களில் ஒர்க்‌ஷாப் வேலை. குடும்பம் நடந்துவிடும்.

கணக்கு சரிதான். சாமான் வாங்கத்தான் காசில்லை. “ரெண்டு வருஷம் துபாய் போயிட்டு வந்துடறேன்” என்று கிளம்பினார். ரெண்டு வருஷம் முடிந்து ஒருமுறை லீவில் வந்தார். வந்தவர் தார்ப்பாயை எடுத்துவிட்டு வண்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். ஏதோ ஒரு பித்தளைச் சாமானைத் துடைத்தார். திரும்பப் போய்விட்டார். பின்சீட்டில் கோழி முட்டை வைக்க ஆரம்பித்தது.

செல்போன் எங்கள் தெருவுக்கு வராத காலம் அது. தெருமுனை மளிகைக்கடை போனுக்கு வெள்ளிக்கிழமை தோறும் கூப்பிடுவார். எங்கள் குடும்ப விஷயம் எல்லாம் பருப்பு வாங்க வந்தவர்களுக்கும் தெரியும். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, மறுபடியும் கான்ட்ராக்டைப் புதுப்பித்துவிட்டேன் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“வண்டி கெடந்த மாதிரியே கெடக்கு. அங்க வந்து நான் என்ன பண்றது?” என்றார்.

“வண்டி ஓடுனா வருவீங்களா?”

“ஓடட்டும், வந்துடறேன்.”

“இருங்க. இத இன்னொரு ஆளு கேக்கட்டும்.” ரிசீவரைக் கடைக்காரர் காதில் வைத்தேன்.

“ஓடுனா வரேங்கறாருங்க” என்றார் கடைக்காரர், தராசிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்குத் தையல் மெஷினைத் தவிர வேறு மெஷின் தெரியாது. அதனால் என்ன? மறுநாள் கோழிகளை விரட்டினேன். உப்புத்தாளை வாங்கி வந்து துருவைத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கத் துருதான் வந்தது. இருக்கைகளைப் பிரித்துப்போட்டு ரெக்சின் வெட்டி நானே தைத்தேன். அதில் மட்டும் ஒருவரும் குறை சொல்ல முடியாது. போகிறவர் வருகிறவர் எல்லாம் ஒரு வார்த்தை சொல்லாமல் போகமாட்டார்கள். மாமியார் எல்லோரையும் மிஞ்சினார். “வண்டிக்கு எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டுறவ, எனக்கு ஒரு வாய் காபி போட்டுக் குடுக்கலாம்ல?”

சாமானுக்குத் திருச்சி பாலக்கரைக்குப் போனேன். கடையில் இருந்தவர் என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தார்.

“ஆம்பளைங்க யாரும் வரலியாம்மா?”

“ஆம்பளைங்க துபாய்ல இருக்காங்க. மாரிஸ் வாட்டர் பம்ப் இங்க இருக்கா, இல்ல அதுவும் துபாய்க்குப் போயிடுச்சா?”

கடைக்குள் எல்லோரும் சிரித்தார்கள். பம்ப் கிடைத்தது.

இன்ஜினுக்கு எறையூரிலிருந்து ஒரு டிராக்டர் மெக்கானிக் வந்தார். கரும்பு ஏற்றுகிற டிராக்டர்களைப் பார்க்கிறவர். இறுகிப்போன இன்ஜினுக்குள் மண்ணெண்ணெயும் பிரேக் ஆயிலும் கலந்து ஊற்றினார். “ஊறட்டும். தெனம் ஒருவாட்டி முன்னாடி ஓட்டையில இன்ஜின் சுத்துற கம்பியப் போட்டுச் சுத்திப் பாருங்க. வேகமா வேணாம்” என்று சொல்லிவிட்டுப் போனார். வாசலுக்குக் கோலம் போட்டுவிட்டு நேராக வண்டிக்குப் போவேன். கம்பியைப் பிடித்துத் தொங்குவேன். ஒன்றும் நடக்காது. திட்டிவிட்டு வந்து அடுப்பைப் பற்றவைப்பேன். ஒருநாள் கம்பி ஒரு விரற்கடை நகர்ந்தது. நகர்ந்ததா, என் கை வழுக்கியதா என்று மறுபடி பார்த்தேன். நகர்ந்தது. அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

அதன் பிறகு மெக்கானிக் பலமுறை வந்தார். ஒரு மழை விட்ட காலையில் இன்ஜின் புகையைக் கக்கிக்கொண்டு எழுந்தது. மாமியார் சந்தோஷத்தில் சூடம் கொளுத்த ஓடி வந்தார். பெட்ரோல் டப்பா திறந்து கிடந்தது. நான் போட்ட கத்தலில் பக்கத்துத் தெருவிலிருந்து ஆள் வந்தது.

தரை மட்டும்தான் பாக்கி. ஜன்னல் கம்பி செய்கிற வெல்டிங் பட்டறைக்காரரைக் கூட்டி வந்து காட்டினேன். அவர் நெருப்பு வைத்த இடமெல்லாம் ஓட்டை பெரிதானது. தகடு மெலிசு, நிற்காது என்று மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

என் தம்பி கொத்தனார். அரியலூரில் சிமெண்ட் ஆலைக் குடியிருப்பில் அப்போது வேலை பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை வந்தவன் ஓட்டைக்குள் காலை விட்டுப் பார்த்தான்.

“யக்கா, இதுக்குப் போயி அழுவுற? கம்பி வலை விரிச்சு நாலு சட்டி கலவை போட்டா கல்லு மாதிரி நிக்கும்.”

எனக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. ஒழுகுகிற மொட்டை மாடியை அப்படித்தானே பூசுகிறோம்? அவன் அடியில் பலகை கொடுத்து, வலை விரித்து, கலவை போட்டு, ரசமட்டம் வைத்துப் பார்த்தான். மேலே காவி போட்டு மெழுகினான். ஈரச் சாக்கைப் போட்டு மூடினோம். மாமியார் காலையும் சாயங்காலமும் காருக்குள் சொம்பால் தண்ணீர் ஊற்றினார். சாக்கை எடுத்தபோது எங்கள் கூடத்துத் தரையைவிடப் பளபளப்பாக இருந்தது. குனிந்தால் முகம் தெரிந்தது. வண்டிதான் சினை மாடு மாதிரி தாழ்ந்து நின்றது. மெக்கானிக் தெருமுனை வரை ஓட்டிக் காட்டினார். அவருக்கும் தரையைப் பார்த்து ஆச்சரியம்தான்; டிராக்டர் பார்க்கிறவருக்குக் காரின் அடி எங்கே தெரியும்? திரும்பி வந்தபோது கதவுகளைச் சாத்த முடியவில்லை. கயிறு போட்டுக் கட்டினோம்.

வெள்ளிக்கிழமைக்குக் காத்திருந்தேன்.

“வண்டி ஓடிடுச்சு. தரையும் போட்டாச்சு.”

“யாரு வெல்டிங் வச்சது?”

“வெல்டிங் இல்ல. தம்பி போட்டான்.”

“மச்சானா? அவன் கொத்தனாராச்சே?”

“அதான் சிமெண்டு போட்டான். மேல காவி போட்டு மெழுகியிருக்கு.”



“காருக்கா?” என்றார்.

“அண்ணே, நானே போய்ப் பாத்தேன். வழவழன்னு இருக்கு” என்று பின்னாலிருந்து கடைக்காரர் கத்தினார்.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்தவர்களிடம் ஏதோ சொன்னார். அவர்களும் சிரித்தார்கள். கடல் தாண்டி ஒரு அறை முழுக்க ஆண்கள் என் தரையைப் பார்த்துச் சிரித்தார்கள். போனை வைத்துவிட்டேன்.

படி இறங்குவதற்குள் போன் மறுபடி அடித்தது. குரல் மாறியிருந்தது.

“கதவு சாத்துதா?”

“சாத்தல. கயிறு கட்டியிருக்கோம்.”

“நல்லாக் கேளு. லாரிக்கு இருக்குற மாதிரி அதுக்கு அடியில முழுச்சட்டம் கெடையாது. அந்தத் தரையும் ஓரத் தகடும்தான் முதுகெலும்பு. அது போயிடுச்சு, அதுமேல நீ பாரத்தை வேற ஏத்தியிருக்க. பள்ளத்துல எறங்குனா முறிஞ்சிடும். நீ ஏறாத. அம்மாவ ஏத்தாத. எதையும் தொடாத. நான் வரேன்.”

“எத்தன நாளைக்கு?”

“லீவு ரெண்டு மாசம் கெடைக்கும்.”

“ஓடுனா வந்துடறேன்னீங்களே, அது?”

“இன்னும் ஓடலியே” என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். உண்மையாக இருந்ததால் கோபம் இன்னும் அதிகமானது. உளுந்து வாங்கப் போனவள் மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

வைகாசிக் கடைசியில் வந்தார். பெட்டியைக் கூடத்தில் வைத்துவிட்டு நேராகப் புளியமரத்தடிக்குப் போனார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் காருக்குள் கால் வைத்தார். அதைப் பார்த்ததும் எனக்கே சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவர் திட்டவில்லை. உள்ளங்கையால் தரையைத் தடவினார்.

“மட்டம் சுத்தமா பாத்திருக்கான்” என்றார்.

மறுநாள் தம்பி உளியும் சுத்தியலுமாக வந்தான். “மாமா, இத ஒடைக்க மனசே வரல” என்று ஒவ்வொரு அடிக்கும் முனகினான். அவன் போட்டது அவ்வளவு சுலபத்தில் உடையவில்லை. கடைசியில் துரு பிடித்த தகட்டோடு சேர்த்துத் தரையை அறுத்தே எடுத்தார்கள். வண்டியை அடியில் கட்டைகள் கொடுத்து நிமிர்த்தினார். டிராக்டர் டிப்பர் கட்டுகிற பட்டறையில் புதுத் தகட்டை மடக்கி வாங்கி வந்தார். கேஸ் வெல்டிங்கில் கொஞ்சம் கொஞ்சமாக வைத்தார். நான் தகட்டைப் பிடித்துக்கொண்டேன். “இந்தப் பக்கம்”, “அந்தப் பக்கம்” என்பதைத் தவிர பகல் முழுக்கப் பேச்சு இருக்காது. ஆனால் ஒருநாள் என்னிடம், “இன்ஜின நீயா சுத்துன?” என்று கேட்டார். “பேயா வந்து சுத்தும்?” என்றேன்.  கம்பியை எடுத்து, நான் பிடித்துப் பிடித்துத் தேய்ந்திருந்த இடத்தைப் பார்த்தார்.

ஆனி முடிவில் கட்டைகளை எடுத்தார். கதவை ஒரு விரலால் தள்ளினார். டப் என்று சாத்திக்கொண்டது. நான் திறந்து திறந்து சாத்தினேன். “பிஞ்சு வந்துடப் போவுது” என்று மாமியார் சொல்லும் வரை சாத்தினேன். அரியலூர் வரை ஓட்டிப்போய்த் திரும்பினோம். வண்டி ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

ஆனால் டிக்கெட் இருந்தது. ஆடிக் கடைசியில் ஒரு தேதி. காலண்டரில் அவர்தான் வட்டம் போட்டிருந்தார்.  ஒருநாள் சோறு போடும்போது அவராக, “ஏர்போர்ட்டுக்கு நம்ம வண்டியிலயே போயிடலாம்” என்றார்.

கரண்டியை வைத்துவிட்டேன்.

“உங்கள அனுப்பி வைக்கறதுக்கா நான் அதத் தேச்சேன்? நீங்க பஸ்ல போங்க. இந்த வண்டி ஏர்போர்ட்டுக்குப் போவாது.”

மாமியார் என் பக்கம் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். “அவ சொல்றது சரிதான்டா” என்று சொல்லிவிட்டு மோரை ஊற்றிக்கொண்டார்.

அந்த வாரத்திலேயே அரியலூரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். ஒரு மாப்பிள்ளையின் தாய்மாமன். கடைத்தெருவில் வண்டியைப் பார்த்து விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். கல்யாணம் ஆவணியில். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து அச்சாரத்தோடு நீட்டினார். கல்யாண வண்டிக்கு அச்சாரம் வாங்கினால் வாங்கியதுதான். வராமல் போனால் அபசகுனம் என்பார்கள்; அப்புறம் அந்த வண்டியை ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். ஆவணி என்றால் டிக்கெட் தேதி தாண்டி. என் வீட்டுக்காரர் வண்டிக்கு அடியில் படுத்துக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தார்.

“ஓட்டுறது யாருங்க?” என்று பெரியவர் என்னைக் கேட்டார்.

“தெரியாதுங்க. அடியில படுத்திருக்காரே, அவரக் கேளுங்க” என்றேன். நான் தட்டைத் தொடவில்லை. தொட்டால் நான் பிடித்து வைத்த மாதிரி ஆகிவிடும். அப்படி ஒருவரைப் பிடித்து வைத்து என்ன செய்வது?

இரண்டு கால்கள்தான் வெளியே தெரிந்தன. அசையவில்லை. பெரியவர் என்னைப் பார்த்தார், நான் புளியமரத்தைப் பார்த்தேன். பிறகு வீட்டுக்காரர் அடியிலிருந்து நகர்ந்து வெளியே வந்தார். கையைத் துணியில் துடைத்தார். போதவில்லை என்று வேட்டியில் துடைத்தார். இரண்டு கையாலும் தட்டை வாங்கினார். கிரீஸ் வெற்றிலையில் ஒட்டியது.

“நான்தாங்க ஓட்டுவேன். பொழுது சாயறதுக்குள்ள வண்டியோட வந்து நிப்பேன்.”

நான் டீ போட உள்ளே போனேன். சர்க்கரையை இரண்டு முறை போட்டுவிட்டேன். பெரியவர் அதையும் குடித்து முடித்தார்.

ஆவணியில் அழைப்பு அன்றைக்கு வண்டியில் ஏறிய மாப்பிள்ளை கனமான ஆள். கூடத் தாய்மாமனும் இரண்டு பிள்ளைகளும் ஏறினார்கள். மேளம் முன்னால் போனது. நானும் தம்பியும் தெருவோரம் நின்று வண்டியின் அடியையே பார்த்தோம். பள்ளத்தில் இறங்கியது, ஏறியது. கதவு நகரவில்லை. முனையில் திரும்பும்போது விளக்கு விரல் நீண்டது, உள்ளே போக மறுத்தது. வீட்டுக்காரர் ஜன்னலுக்கு வெளியே கையை விட்டுத் தூணில் ஒரு தட்டுத் தட்டினார். உள்ளே போனது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

“சிமெண்டா இருந்தா இன்னும் கெத்தா இருந்திருக்கும் யக்கா” என்றான் தம்பி.

அதன் பிறகு அவர் துபாய் போகவில்லை. பெரிய வசதி ஒன்றும் வந்துவிடவில்லை. ஆடியிலும் மார்கழியிலும் கை இறுகும், சண்டை போடுவோம். அரியலூரைத் தனி மாவட்டமாக்கினார்கள், திரும்பச் சேர்த்தார்கள், மறுபடி பிரித்தார்கள். வண்டி இரண்டு ஊருக்கும் போய் வந்துகொண்டுதான் இருந்தது. உடைத்தெடுத்த சிவப்புத் தரையில் ஒரு பெரிய துண்டு கொல்லையில் கிடந்தது. அதில்தான் துணி துவைத்தேன். தம்பி போட்ட மெழுகு போகவே இல்லை.

வெள்ளிக்கிழமை மளிகைக்கடைக்குப் போனால் கடைக்காரர் பழக்கத்தில் போனைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்.

“லைன் வராதுங்க” என்பேன். “ஆளு வூட்டுலதான் இருக்காரு. உளுந்து அரைக் கிலோ போடுங்க.”