நான்கு தடவை, ஐந்தாவதில் மழை

"ரெண்டு தோசை, கருகினது ஒரு பாதி," என்று தட்டைக் கழுவிக்கொண்டே அறிவிக்கிறார் வின்சென்ட். எத்தனை என்று கேட்டவர் யாருமில்லை. டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னால் போதும், முந்தாநாள் கல்யாணத்தில் தின்ற ஜிலேபியின் எண்ணிக்கை தானாக வெளியே வரும். ஒருமுறை சிவப்பு விளக்கைத் தாண்டியதை, வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து போக்குவரத்துப் போலீஸ்காரரிடம் சொல்லியிருக்கிறார். அந்த மனுஷன் பெரிய கும்பிடாகப் போட்டு அனுப்பிவைத்தார்.

லிங்கராஜபுரத்தில் குடியிருக்கும் இந்த முப்பத்தெட்டு வயதுக்காரர் பிறந்தது தங்கவயலில். லேத்தில் இரும்பை முடியளவும் பிசகாமல் கடைவார். மறைக்கல்வி வகுப்பில், ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது இன்ன பாவம், இத்தனை தடவை என்று எண்ணிக்கையோடு சொல்லவேண்டும் என்று சிஸ்டர் கற்றுக்கொடுத்தார். மற்ற பிள்ளைகள் புதுநன்மை என்னும் முதல் நற்கருணையை வாங்கிய கையோடு அதை மறந்துபோனார்கள். இவருக்கு எலும்பில் ஏறிவிட்டது.

போன வருஷம் அது வினையாக வந்தது. ஆறு வருஷம் காண்ட்ராக்டில் அல்லாடிய வின்சென்டுக்கு, ராணுவத்துக்குக் கருவி செய்யும் ஓரிடத்தில் நிரந்தர வேலை தயாராக இருந்தது. பாக்கி ஒன்றே ஒன்றுதான், பாதுகாப்பு அனுமதி. படிவத்தின் பதினேழாவது கேள்வி: எப்போதாவது போதைப்பொருள் உபயோகித்தது உண்டா? ஊரே 'இல்லை' என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போகும் கேள்வி. நம்மாள் தனித்தாள் கேட்டு வாங்கினார்.

'கஞ்சா. 2008. தங்கவயல் சயனைடு மேட்டுக்குப் பின்னால். நான்கு தடவை. ஐந்தாவது தடவை பற்றவைத்ததும் மழை வந்து அணைந்துவிட்டது. இதைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை அதிகாரிகள் முடிவுசெய்யவும்.'

அவர் மனைவி பிரிசில்லா தலையில் அடித்துக்கொண்டாள். "வேலில போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள வுட்டுக்கினு வந்திருக்கியே! அதான் அப்பவே ஃபாதர்கிட்ட சொல்லி மன்னிப்பு வாங்கிட்டல்ல?"

"அவரு மன்னிச்சிட்டாரு. ஃபார்ம்ல அதுக்கு கட்டம் இல்லியே."

சாப்பிட வந்திருந்த அவளுடைய அண்ணன் கிளமென்டுக்கு அந்த நேரம் பார்த்துப் புரையேறியது. கோயில் பாடற்குழுவில் முதல் குரல் அவருடையது. சுரங்கக் கழிவு குவிந்த அந்தச் சயனைடு மேட்டுக்குத் தீப்பெட்டி கொண்டுவந்தவரும் சாட்சாத் அவரே. தங்கைக்குத் தெரியாது.

விசாரணை அதிகாரி பத்ரிநாத் அந்தத் தனித்தாளை இரண்டு முறை படித்தார். இரண்டாவது முறை மீசைக்குள் சிரித்தார்.

"இது பழைய கதை, அதுக்கப்புறம் தொடலை. மறைக்காம சொன்னது நல்லதுதான். கஞ்சா இல்லை வின்சென்ட், எனக்குப் பயம் உங்க வாய்தான். கேக்காததையும் எண்ணிச் சொல்றீங்களே! நாளைக்கு உள்ள நடக்கறதையும் பஸ் ஸ்டாப்ல நின்னு எண்ணினீங்கன்னா?"

ஆறு வருஷக் கனவு, சொந்த வாயாலேயே போகப்போகிறதே என்று நினைத்தபோது வின்சென்டுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"சரி, கூட யார் இருந்தா?"

"அத சொல்ல மாட்டேன் சார்."

"என்னது?"

"நம்ம பாவத்த மட்டும்தான் சொல்லணும். அடுத்தவங்க பாவத்த சொல்லக் கூடாது. அதுவும் சிஸ்டர் சொன்னதுதான்."

பத்ரிநாத் நயமாகக் கேட்டார், சுற்றி வளைத்துக் கேட்டார். கடைசியில், "பேர் சொல்லலைன்னா இந்த ஃபைல இங்கேயே மூடிடுவேன்," என்றார்.

"மூடிடுங்க சார்." எல்லாவற்றையும் எண்ணிச் சொன்ன வாயிலிருந்து பெயர் மட்டும் வரவில்லை.

பத்ரிநாத் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். "வாய மூடவும் தெரியுது உங்களுக்கு. இது போதும். போய்ட்டு வாங்க."

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், புது அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாமலே ஆட்டுக்கறிக் குழம்புக்கு உட்கார்ந்தார் வின்சென்ட். எதிரே கிளமென்ட்.

"வேலதான் கெடச்சிருச்சே, இப்பவாச்சும் சொல்லுயா," என்றாள் பிரிசில்லா. "உன்கூட சேந்து இழுத்த அந்த பேமானி யாரு?"

வின்சென்ட் வாயைத் திறந்தார். எண்ணிச் சொல்லும் விரல்கூடப் பழக்கதோஷத்தில் எழும்பியது. கிளமென்டின் கவளம் பாதி வழியில் நின்றது.

விரல் மெல்ல மடங்கியது. "கொஞ்சம் தண்ணி குடு," என்றார் வின்சென்ட்.

அவள் சொம்பை எடுக்கத் திரும்பியதும், கிளமென்ட் தன் தட்டிலிருந்த நல்லி எலும்பை எடுத்து மச்சான் தட்டில் வைத்தார்.