கிணற்றடி வரை போன ரயில்

என் மகளுக்கு நாலு வயசு நடக்கும்போது சிலேட்டால் அவள் கண்ட உபயோகம் ஒன்றே ஒன்றுதான். அதைத் தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொள்வாள். இரண்டு கையையும் சக்கரம் மாதிரிச் சுற்றி, கூ என்று கத்துவாள். ஆம்பூரில் எங்கள் வீட்டுப் பின்புறம் ஒரு புளியந்தோப்பு, அதைத் தாண்டினால் ரயில் பாதை. மெட்ராஸ் பக்கம் போகும் வண்டியும் ஜோலார்பேட்டைப் பக்கம் போகும் வண்டியும் அவளைக் கேட்காமல் போனதில்லை. சாப்பாட்டுத் தட்டை அப்படியே விட்டு ஓடுவாள்.

கல்யாணத்துக்கு முன் ஒரு வருஷம் வேலூரில் ஆசிரியைப் பயிற்சிக்குப் படித்தவள் நான். அங்கே ஒரு துரைசானி எங்களுக்குப் பாடம் நடத்தினாள். சின்னப் பிள்ளையை எழுத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு வராதீர்கள், பிள்ளை விளையாடுகிற இடத்துக்கு எழுத்தைக் கொண்டுபோய் வையுங்கள் என்பாள். அந்த வருஷம் கற்றதில் எனக்கு நினைவிலிருந்தது அது மட்டும்தான். சரி, ரயிலிலேயே எழுத்தை வைப்போம் என்று முடிவு செய்தேன்.

பழைய அட்டைகளை வெட்டி ஸ்டேஷன் பலகை செய்தேன். முன்கூடம் காட்பாடி, நடு அறை குடியாத்தம், சமையலறை ஆம்பூர், கொல்லை வாணியம்பாடி, கிணற்றடி ஜோலார்பேட்டை. இடையில் இருந்த சின்ன ஸ்டேஷன்களை விட்டுவிட்டேன், வீட்டில் அவ்வளவு அறை இல்லை. ஒவ்வொரு பலகையிலும் ஊர்ப் பேரை எழுதி, முதல் எழுத்தை மட்டும் பெரிதாக்கினேன். என் வீட்டுக்காரர் ஒரு தோல் ஷாப்பில் குமாஸ்தா. அங்கே பதனிட்ட தோலை ஓரம் வெட்டும்போது விழும் துண்டுகளைக் கொண்டுவரச் சொல்லி, அவற்றில் மையால் கா, கு, ஆ, வா, ஜோ என்று எழுதி டிக்கெட்டாக்கினேன். டிக்கெட் கொடுக்கும்போது மகள் எழுத்தைப் படித்துச் சொல்லிவிட்டுக் கொடுக்க வேண்டும். இதுதான் என் திட்டம்.

மூன்றாம் நாளே திட்டம் அவள் கைக்குப் போய்விட்டது. டிக்கெட் கொடுப்பவள் எதற்குப் படிக்க வேண்டும், வாங்குகிறவர் படிக்கட்டும் என்றாள். படிக்காதவருக்கு வண்டி கிடையாது. வண்டி இல்லாமல் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு யாரும் நடக்கவும் கூடாது.

நான் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கஷ்டமெல்லாம் என் வீட்டுக்காரருக்குத்தான். எங்கள் கக்கூஸ் கிணற்றடிக்கு அப்பால் இருந்தது. அதாவது அவர் காலையில் எழுந்ததும் குடியாத்தத்தில் ஏறி, ஆம்பூர், வாணியம்பாடி வழியாக ஜோலார்பேட்டை போய்ச் சேர வேண்டும். கையில் செம்போடு சமையலறை வாசலில் நிற்பார். லைன் கிளியர் ஆகவில்லை என்பாள் மகள். அவர் அவளிடம் கெஞ்சுவார். பிறகு என் முகத்தைப் பார்ப்பார். குழந்தை படிக்கிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வேன். அவரும் பொறுத்துக்கொண்டார். அந்த மனிதரைப் பற்றி இதைவிட உயர்வாக என்னால் எதுவும் சொல்ல முடியாது.

வீட்டில் இன்னொருவரும் இருந்தார். என் நாத்தனார், அவருக்கு அக்கா, புருஷனை இழந்தவர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கோயிலில் முதல் வரிசைப் பாயில் உட்காருகிறவர். சொந்த வீட்டில் நடக்க டிக்கெட் வாங்க மாட்டேன் என்று ஒரே பிடியாகச் சொல்லிவிட்டார். மகள் கொஞ்ச நேரம் யோசித்தாள். டிக்கெட் இல்லாத ஆள் பிரயாணி இல்லை, பார்சல் என்று தீர்ப்பு சொன்னாள். 'பா' என்று எழுதிய அட்டையை ஒரு நூலில் கட்டி அத்தை கழுத்தில் மாட்டினாள். பார்சல் பேசக்கூடாது, நகரக்கூடாது, வண்டி வந்து ஏற்றும் வரை இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும்.

அக்கா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். ஆனால் பார்சலுக்கு அடுப்பு வேலை கிடையாது என்பது அவருக்கு ஒரே நாளில் புரிந்துவிட்டது. அதன்பின் மத்தியானம் சாப்பிட்டதும் அவரே அட்டையைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, காட்பாடியில் சுவரோரம் சாய்ந்து தூங்கிவிடுவார்.

இப்படி இருக்கும்போது என் வீட்டுக்காரருக்குக் குளிர் காய்ச்சல் வந்தது. ஷாப்புக்கு நாலைந்து நாள் போகவில்லை. ஷாப்பின் சொந்தக்காரர் வாணியம்பாடிச் சாயபு. வியாழக்கிழமை மட்டும் ஆம்பூர் வந்து தோலைப் பார்த்துவிட்டுப் போவார். அவர் வந்தால் தோல் ஊறும் சுண்ணாம்புக் குழியில் நிற்கும் ஆட்கள்கூடக் குரலைத் தாழ்த்துவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அந்த வியாழக்கிழமை, குமாஸ்தாவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அவர் ஜட்காவை எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தினார்.

நான் சமையலறையில் இருந்தேன். அந்நிய ஆண் முன்னால் திடுமென்று போய் நிற்க முடியாது. முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். முன்கூடத்தில் அக்கா கழுத்தில் அட்டையோடு உட்கார்ந்திருந்தார். விழித்துவிட்டார் என்பது எனக்குத் தெரிந்தது. சாயபுவைப் பார்த்த வெட்கத்தில், இனிமேல் பார்சலாகவே இருந்துவிடுவதுதான் மரியாதை என்று தீர்மானித்து, கண்ணை மூடிக்கொண்டார்.

சாயபு அவருக்கு வணக்கம் சொன்னார். பதில் இல்லை. இவங்களுக்கு இன்னா என்று மகளிடம் கேட்டார்.

"அது பார்சல். ஜோலார்பேட்டைக்குப் போவணும்" என்றாள் மகள்.

சாயபு தலையை ஆட்டினார். அப்பா எங்கே என்று விசாரித்தார். குடியாத்தத்தில் என்று பதில் வந்தது. காய்ச்சலோடு குடியாத்தம் ஏன் போனார் என்று அவர் திகைத்திருக்க வேண்டும். மகள் நடு அறையைக் காட்டி, 'கு' டிக்கெட்டை அவர் கையில் வைத்து, படிக்கச் சொன்னாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், முகர்ந்தார், விரலால் மடக்கினார். செம்மறித் தோல், கழுத்துப் பக்கம், பட்டைச் சாற்றில் இன்னும் ரெண்டு நாள் ஊறியிருக்கலாம் என்றார்.

"அது இல்ல. எழுத்து இன்னா?"

தனக்குத் தமிழ் படிக்க வராது, உருது மட்டும்தான் தெரியும் என்றார் அவர். அப்படியானால் ஏற முடியாது என்றாள். மூன்றாம் வகுப்பில்கூடவா என்று கேட்டார். மூன்றாம் வகுப்பிலும் முடியாது.

உள்ளே இருந்தபடியே அவள் பேரைச் சொல்லி அதட்டினேன். சிக்னல் கைகாட்டி இன்னும் விழவில்லை, ஆம்பூர் வண்டி ஆம்பூரிலேயே நிற்கட்டும் என்று அவள் திரும்பிப் பார்க்காமல் பதில் சொன்னாள். சாயபு என் பக்கம் கையை உயர்த்தி, இருக்கட்டும் என்பதுபோல் அமர்த்தினார். அங்கிருந்த டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்தார். மகள் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் 'கு' எழுதினாள். அவர் கைத்தடி முனையால் அதன்மேலேயே போட்டுப் பார்த்தார். சுழி தப்பாகப் போனபோது அவள் காலால் அழித்துவிட்டு மறுபடி எழுதச் சொன்னாள். கடைசியில் எழுத்து வந்தது. அவ்வளவு பெரிய ஆள், என் மகளின் கவுன் நுனியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, கூ என்று மெதுவாகச் சொல்லிக் குடியாத்தம் போய்ச் சேர்ந்தார்.

அங்கே என் வீட்டுக்காரர் காய்ச்சலோடு கோட்டை மாட்டிக்கொண்டு, கட்டில் முனையில் உட்கார்ந்திருந்தார். சாயபு காய்ச்சலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டார். பிறகு மகளிடம், தன் ஊர் வாணியம்பாடி, அந்த வண்டி எப்போது என்று விசாரித்தார். நடுவில் ஆம்பூர், அதாவது நான் நிற்கும் சமையலறை. அது அவருக்கும் புரிந்துவிட்டது. அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லி எழுந்தார்.

சும்மா சொன்னார் என்றே நினைத்தோம். திங்கட்கிழமை இவர் உடம்பு தேறி வேலைக்குப் போய்விட்டார். வியாழக்கிழமை மத்தியானம் ஷாப்பு மேஸ்திரி வந்து, சாயபு குமாஸ்தாவின் காய்ச்சலை விசாரிக்க, ஷாப்புக்கு வராமல் நேரே வீட்டுக்குக் கிளம்பிவிட்டார் என்று குமாஸ்தாவிடமே சொல்லியிருக்கிறார். வீட்டில் தான் இல்லாவிட்டால் முதலாளிக்கு எவ்வளவு சங்கடம் என்று இவர் பதறிப்போனார். புளியந்தோப்பு வழியாக ஓடிவந்து, கொல்லைக் கதவில் நுழைந்தார். டிக்கெட் வாங்காமல் கட்டிலில் விழுந்து கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார். நான் அடுப்பை அணைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன், சாயபு ஆம்பூரைக் கடக்கட்டும் என்று. அன்றைக்கு அவர் 'ஆ' படித்தார்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் வியாழக்கிழமைக் காய்ச்சல் என்று ஒன்று உண்டாகிவிட்டது. காலையில் இவர் ஷாப்பில் கணக்கு எழுதுவார். மத்தியானம் சாயபு வருவதற்குள் ஓடிவந்து முனகுவார். சாயபு கட்டிலருகே நின்று ஒரு நிமிஷம் வருத்தப்படுவார், பிறகு டிக்கெட் வாங்கப் போய்விடுவார். ஒருமுறை வாணியம்பாடியிலிருந்து ஒரு ஹக்கீமைக் கூட்டிவந்தார். ஹக்கீம் இரண்டு கையிலும் நாடி பிடித்துப் பார்த்தார். மூன்று நாளுக்கு ஒருமுறை வரும் காய்ச்சல் உண்டு, நாலு நாளுக்கு ஒருமுறை வருவதும் உண்டு, கிழமை பார்த்து வருவதைத் தான் கண்டதில்லை என்றார். கறுப்பாக ஒரு கஷாயம் தந்தார். முதலாளி எதிரில் இவர் அதைக் குடித்துத் தீர வேண்டியதாயிற்று. அந்த வெள்ளிக்கிழமை இவரால் நிஜமாகவே எழுந்திருக்க முடியவில்லை. கிணற்றடிப் பக்கமே போய் வந்துகொண்டிருந்தார். அன்று மட்டும் மகள் தானாகவே எல்லாக் கைகாட்டியையும் இறக்கிவிட்டாள்.

'வா'வில் சாயபுவுக்குச் சிரமம் இல்லை, சொந்த ஊர். ஜோலார்பேட்டையில்தான் மாட்டிக்கொண்டார். ஓர் எழுத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று எதற்கு என்று கேட்டார். பயிற்சியில் நானும் இதைச் சொல்லத் தடுமாறியவள்தான். அடுத்த வீட்டு ஜன்னலிலிருந்து காது கொடுத்துக் கேட்டேன்.

"நடுவுல இருக்கறது பெட்டி. மேடு ஏறணும் இல்ல? அதான் முன்னால ஒரு என்ஜின், பின்னால ஒரு என்ஜின்" என்றாள் மகள்.

இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மேட்டில் ஏறும் சரக்கு வண்டியைத் தோப்பில் நின்று எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். சாயபு கைத்தடியால் முன் என்ஜினைப் போட்டார், பெட்டியைப் போட்டார், பின் என்ஜினைப் போட்டார். ஜோ என்று உரக்கப் படித்தார். அக்கா அட்டையோடு உட்கார்ந்தபடியே, சபாஷ் என்று சொல்லிவிட்டார். பார்சல் பேசியதை மகள் அன்றைக்கு மன்னித்துவிட்டாள்.

கிணற்றடிக்கு வந்து சேர்ந்ததும் சாயபு கை கால் கழுவினார். எல்லாரும் இறங்கியாச்சு, வண்டி ஷெட்டுக்குப் போகுது என்று மகள் அறிவித்தாள். அவர் நடு அறைக்குத் திரும்பி வந்து, கம்பளியோடு கிடந்த என் வீட்டுக்காரரிடம், அடுத்த வியாழக்கிழமை முழு நாளும் ஷாப்பில் இருக்கும்படி சொன்னார். இவர் முனகலைப் பாதியில் நிறுத்தினார்.

"ரெண்டாவது வாரமே தெரியும். கம்பளிக்குக் கீழ உன் செருப்பு தெரிஞ்சுது" என்றார் சாயபு. "குமாஸ்தா வீட்டுக்கு வாராவாரம் சும்மா வந்தா ஊர்ல இன்னா பேசுவாங்க? உனக்குக் காய்ச்சல் இருந்தாத்தானே நான் வர முடியும்."

அப்படியானால் ஹக்கீம் எதற்கு என்று இவர் மிகவும் பணிவாகக் கேட்டிருக்கிறார்.

"அந்த வாரம் ஜாஸ்தி முனகிட்டே. நிஜமோன்னு பயந்துட்டேன்."

அதன்பின் சாயபு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. பெருநாளுக்கு மட்டும் ஒரு தட்டு நிறைய இனிப்பு வந்தது, குழந்தை பேருக்கு.

ஐந்து வயசில் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். ஒரு வாரத்துக்குள் ஆசிரியை என்னைக் கூப்பிட்டனுப்பினாள். உங்கள் பெண்ணுக்கு ஜோ தெரிகிறது, குடியாத்தம் என்று முழுசாக எழுதுகிறாள், ஆனால் அ தெரியவில்லை, இது என்ன படிப்பு என்று கேட்டாள். ஆசிரியை மகளிடம் விசாரித்ததற்கு, அ காட்பாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, எங்கள் வண்டி அவ்வளவு தூரம் போகாது என்றிருக்கிறாள். யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். அரக்கோணத்துக்கு என் வீட்டில் அறை இல்லை.

அன்று சாயங்காலம் வாசலுக்கு வெளியே, தெருவிலேயே 'அ' பலகையை நட்டு வைத்தேன். தெருவில் போன ஆடுகளுக்கெல்லாம் மகள் டிக்கெட் கொடுக்கப் பார்த்தாள். ஓர் ஆட்டுக்குட்டி டிக்கெட்டைத் தின்றுவிட்டது. அவள் சிரித்துக்கொண்டே அதன் பின்னால் ஓடினாள். அடுத்த நாளும் அதைத் தேடிப் போனாள். மற்ற உயிரெழுத்துகளைப் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளையும்போல் சத்தம் போட்டுச் சொல்லிச் சொல்லியே கற்றுக்கொண்டாள். அதற்குள் அவளுக்கு ரயில் மறந்துபோய், ஆடு என்றால் உயிராகிவிட்டிருந்தது. ஒருநாள் காலை என் வீட்டுக்காரர் செம்பை எடுத்துக்கொண்டு, டிக்கெட் இல்லாமலே கிணற்றடிக்கு நேராக நடந்து போனார்.