டி.சி. கேட்கப் போன நாள்

நான், என் மனைவி செல்வி, இரண்டாம் வகுப்பு படிக்கும் எங்கள் மகள் பிரியா, அவளுடைய மிஸ். அன்று வகுப்பறையில் இருந்தது இவ்வளவு பேர்தான்.

பிரியா படிப்பில் பின்தங்கிக்கொண்டே போனாள். ஐம்பத்திரண்டு பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் இவளை யார் கவனிப்பார்கள் என்று எனக்குப் பயம். லிங்கராஜபுரத்தில் இருபது பேருக்கு ஒரு மிஸ் இருக்கும் பள்ளியில் சேர்க்க முடிவு செய்து, டி.சி. கேட்கப் போனோம்.

“இத்தனை பேர்ல எம் பொண்ணு உங்க கண்ணுக்குத் தெரியுறாளா மிஸ்?” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. “வீட்ல சத்தமா பேசுவீங்களாண்ணா?” என்று கேட்டார்.

“பீன்யாவுல ஃபேக்டரில தகடு அடிக்கிற பிரஸ் மெஷின் ஓட்டுறேன். அந்தச் சத்தத்துல கத்திப் பேசியே பழகிடுச்சு.”

“இவரு பேசினா தெருவுக்கே கேக்கும்,” என்றாள் செல்வி.

“அதான் உங்களுக்குத் தெரியல. நான் போர்டு பக்கம் திரும்பிப் பேசினா இவளுக்குக் கேக்கறதில்ல. பக்கத்துப் பிள்ளையைப் பாத்துத்தான் நோட்டைத் திறக்குறா. காது டாக்டர்கிட்ட காட்டுங்க.”

செல்வி மகளுக்குப் பின்னால் போய் நின்று மெதுவாகக் கூப்பிட்டாள். இரண்டு முறை கூப்பிட்டாள். பிரியா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். டி.சி. பற்றி நான் பேசவே இல்லை.

கவனிக்க மிஸ்ஸுக்கு ஐம்பத்திரண்டு பிள்ளைகள். எனக்கு ஒன்று.