பதினோராம் வருஷத்துக் காசு

எங்க அக்காவுக்கு ஆஸ்பத்திரி சலவைக் கூடத்துல கறை அக்கான்னு பேரு. ரத்தம், மருந்து, மை, துரு, எதுவா இருந்தாலும் சரி, பெரிய மெஷின்ல ரெண்டு தடவை போட்டும் போகாத கறை கடைசியா அவ தொட்டிக்குத்தான் வரும். முப்பத்தோரு வருஷமா அந்தத் தொட்டிப் பக்கத்துலயே நிக்கிறா. ஒரு விரிப்புல ஊசிமுனை அளவு மங்கல் தெரிஞ்சாலும் மேல வார்டுக்கு அனுப்ப விடமாட்டா. அவ விரல் நுனியில ரேகையே தேய்ஞ்சு போச்சு. வேலைக்கு வந்ததைப் பதியிற கைரேகை மெஷின் அவ விரலை மட்டும் ஏத்துக்காது, அவளுக்குன்னு தனியா ஒரு நோட்டு வச்சிருக்காங்க. இப்படிப்பட்டவ கிட்டப் போய் ஒருத்தன், உன் பொருள் அழுக்குன்னு சொன்னான்.

நான் தையல்காரி. என் வாயும் கத்திரிக்கோலும் ஒரே கடையில வாங்கினதுன்னு என் வீட்டுக்காரர் சொல்வார். அக்கா அப்படி இல்ல. பத்து வார்த்தைக்கு ஒரு வார்த்தை பதில் சொல்ற ஜாதி. கல்யாணம் வேண்டாம்னுட்டா, அண்ணன் வீட்டுலயே இருந்துட்டா. அந்த வீட்டுல அவளுக்குன்னு கிடைச்ச இடம் செருப்பு அலமாரிக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவுல ஒரு மடக்குக் கட்டில். யாருக்குத் தாகம் எடுத்தாலும் அவளைத் தாண்டித்தான் போகணும். இதை அவ ஒரு குறையா சொன்னதே கிடையாது. நான்தான் சொல்லிச் சொல்லி அண்ணி கிட்ட கெட்ட பேர் வாங்கினேன்.

போன வருஷம் ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவுல ஒரு அறை காலியாச்சு. மூணாவது மாடி, ஒரு ஜன்னல், ஒரு குழாய். வீட்டுக்காரம்மா அக்கா வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலயே நர்ஸா இருந்து ஓய்வு எடுத்தவங்க. அக்கா மேல இருந்த மரியாதைக்கு, அடுத்த மாசக் கடைசிக்குள்ள முன்பணம் கொடுத்தா போதும், அதுவரைக்கும் வேற யாருக்கும் காட்டமாட்டேன்னு சொன்னாங்க. நானும் போய்ப் பார்த்தேன். அக்கா ஜன்னலைப் பார்க்கல, குழாயைத் திறந்து பார்க்கல. கதவைச் சாத்தி உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டா. திறந்தா. மறுபடி போட்டா. ஐம்பத்தஞ்சு வயசுல ஒரு பொம்பளை தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டுப் பார்க்கிறதைப் பார்த்தா யாருக்குத்தான் மனசு ஆறும்.

பணத்துக்கு அவ கிட்ட வழி இருந்துச்சு. இருபத்தினாலு வருஷமா, போனஸ் வர்ற வாரம், அரசாங்க நாணயச் சாலையோட விற்பனை ஜன்னலுக்குப் போய் ஒரு அவுன்ஸ் வெள்ளிக்காசு ஒண்ணு வாங்கிட்டு வருவா. வருஷத்துக்கு ஒண்ணு, தவறினதே இல்ல. ஏன்க்கா, பாங்குல போடக் கூடாதான்னு நான் கேட்டதுக்கு, பணமா இருந்தா அண்ணன் கேப்பான், காசைப் பார்த்தா வேலையில கொடுத்த மெடல்னு நினைச்சுக்குவான்னா. அண்ணனும் அப்படித்தான் நினைச்சான். இவ்வளவு மெடல் வாங்கியும் சம்பளம் ஏறலையேன்னு ஒரு தடவை வருத்தம்கூடப் பட்டான்.

அந்தக் காசுகளைக் காகிதத்துல சுத்தி, ரப்பர் பேண்ட் போட்டு, பழைய பவுடர் டப்பாவுல வச்சிருந்தா. வெள்ளி ஆச்சே, அதுவும் ரப்பர் பக்கத்துல. எல்லாம் கறுத்துப் போச்சு. சிலது கருநீலம், சிலது அடிப்பிடிச்ச பால் மாதிரி பழுப்பு.

டப்பாவை எடுத்துக்கிட்டு நாங்க ரெண்டு பேரும் பஸ் நிலையத்துக்கு எதிர்ல இருக்கிற நாணயக் கடைக்குப் போனோம். கடைக்காரன் காசுகளைப் பச்சைத் துணியில பரப்பினான். சும்மா ஒரு பார்வை பார்த்துக்கிட்டே வந்தவன் ஒரு காசு கிட்ட வந்ததும் நின்னான். பூதக்கண்ணாடியை எடுத்தான். முன்பக்கம், பின்பக்கம், ஓரம். கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்க்கிறதுன்னு சொல்வாங்களே, அப்படி. அப்புறம் அதை மத்த காசுகளோட அலட்சியமாத் தள்ளிட்டுக் கொட்டாவி விட்டான். அந்தக் கொட்டாவியிலயே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும். வரல. என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

"எல்லாம் கறுத்துப் போச்சும்மா. அழுக்குக் காசை எவனும் தொடமாட்டான். எடைக்குத்தான் எடுக்க முடியும், அதுலயும் கொஞ்சம் கழிவு போகும்."

அவன் சொன்ன எடை விலைக்கு முன்பணத்துல பாதிகூடத் தேறாது. அக்காவுக்குப் பணம் குறைஞ்சது உறைக்கல. அழுக்குன்னு சொன்னதுதான் உறைச்சுது. காது வரைக்கும் சிவந்து போச்சு. காசுகளை ஒண்ணொண்ணாப் பொறுக்கி டப்பாவுல போட்டா.

"அழுக்குதானே? தேய்ச்சுக் கொண்டாரேன்."

இந்த இடத்தைத்தான் என்னால பொறுக்கவே முடியல. தேய்ச்சுக் கொண்டாரேன்னு அவன் முகத்துக்கு நேரா சொன்னா. வேண்டாம்மா, தேய்க்காதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எல்லாம் பிழைச்சிருக்கும். ஆனா அதைச் சொன்னா, ஏன் தேய்க்கக் கூடாதுன்னு நாங்க கேட்போம், சொன்ன பொய் வெளியில வரும். அதனால அதை மட்டும் முழுங்கிட்டு, கழிவு வேண்டாம், முழு எடைக்கே தரேன், இப்பவே வச்சுட்டுப் போங்கன்னு வாசல் வரைக்கும் பின்னாலயே வந்தான். அக்கா திரும்பிப் பார்க்கல. அழுக்கை அப்படியே அடுத்தவங்க கையில கொடுக்கிற பழக்கம் அவளுக்கு எந்தக் காலத்துலயும் இல்ல.

அன்னிக்குச் சாயந்திரம் என் வீட்டுல சோடா உப்பு, பல்பொடி, பழைய பிரஷ் எல்லாம் எடுத்து வச்சுக்கிட்டு உட்கார்ந்தோம். அவ பன்னிரண்டு, நான் பன்னிரண்டு. அவ கையில எல்லாம் லேசாப் போச்சு, எனக்குத்தான் ஒரு காசு முரண்டு பிடிச்சுது. ஒரே கறுப்பு. அவ எதையும் மறக்கிறவ இல்ல. அது அவ வாங்க ஆரம்பிச்ச பதினோராம் வருஷத்துக் காசு, அந்த வருஷம் ஜன்னல்ல இருந்தவர் இந்த வருஷக் காசு இதோட சரி, இனிமே வராதுன்னு சொன்னார்னா. இன்னும் நல்லாத் தேய்யுடி, ஓரத்துல பாருன்னு வேற சொன்னா. நானும் மூச்சு முட்டத் தேய்ச்சேன். கண்ணாடி மாதிரி ஆச்சு. அந்தக் கையாலதான் இன்னிக்கும் சோறு சாப்பிடுறேன்.

மறுநாள் போனோம். அவன் டப்பாவைத் திறந்தான். பளபளன்னு இருபத்தினாலு. அவன் வேற எதையும் தொடல, நேரா அந்தப் பதினோராம் வருஷத்துக் காசைத்தான் தேடி எடுத்தான். வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்தான். அவன் முகம் போன போக்கைப் பார்க்கணும்.

"ஐயையோ, யாரும்மா இதைத் தேய்க்கச் சொன்னது?"

அக்கா நிதானமாச் சொன்னா. "நீங்கதான்."

அவன் அந்தக் காசை மட்டும் கழிவு இல்லாம எடுத்துக்கிறேன்னு ஏதோ முனகினான். நான் டப்பாவைப் பிடுங்கிக்கிட்டு அக்காவையும் இழுத்துக்கிட்டு ஊரோட அந்தக் கோடியில இருக்கிற இன்னொரு நாணயக் கடைக்குப் போனேன். அங்க ஒரு பெரியவர். உட்கார வச்சு எங்களுக்குப் புரியிற மாதிரி சொன்னார். இந்தக் காசுங்களுக்கு வெள்ளி எடைதான் விலை, வருஷம் ஆச்சுங்கிறதுக்காக மட்டும் விலை ஏறாது. அக்கா வாங்கின முதல் காசுதான் இருக்கிறதுலயே பழசு, ஆனா அந்த வருஷம் லட்சக்கணக்குல அடிச்சுத் தள்ளினாங்க, அதனால எடைக்குமேல ஒரு பைசா கிடையாது. பதினோராம் வருஷம் அச்சடிக்கிற எந்திரம் பழுதாகி எட்டு மாசம் வேலை நின்னு போச்சு. மொத்தமே சில ஆயிரம்தான் அடிச்சாங்க. அதுலயும் பாதியை ஜனங்க உருக்கிட்டாங்க. மிச்சம் இருக்கிறதைத் தேடி அலையிறவங்க எடையைப் போல இருபது மடங்கு, முப்பது மடங்கு கொடுப்பாங்க.

அக்கா கேட்டா, அப்போ இந்தக் கறுப்பு? அவர் அந்தக் காசைக் கையில எடுத்துக்கிட்டார். அது அழுக்கு இல்லம்மா, வெள்ளிக்கு வயசாகிறப்போ தானா வர்ற தோல், யாரும் கை வைக்கலங்கிறதுக்கு அதுதான் சாட்சி, தேய்ச்சா மேல கீறல் விழும், போன தோல் பழையபடி வராதுன்னார். தேய்க்காம இருந்திருந்தா அந்த ஒரு காசே முன்பணத்துல மீதிப் பாதிக்கு வந்திருக்கும். அவர் மத்த இருபத்திமூணையும் சரியான எடை விலைக்கு எடுத்துக்கிட்டார். அந்த ஒண்ணை அக்கா கொடுக்கல.

வெளியில வந்ததும் நான் தெருவுன்னும் பார்க்காம அந்தக் கடைக்காரனோட ஏழு தலைமுறையையும் இழுத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பார்த்து, கடைசியில யாருக்கும் இல்லாமப் பண்ணிட்டானே படுபாவி. போலீஸ்னு கத்தினேன், கோர்ட்னு கத்தினேன். ஆனா கேஸ் போட அவன் எதையும் திருடலையே. கத்திக் கத்தித் தொண்டைதான் கட்டுச்சு. அக்கா அழல. காசைக் கைக்குட்டையில முடிஞ்சுக்கிட்டா.

அவளுக்குச் சனிக்கிழமை அரை நாள்தான் வேலை. அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நேராப் போய் அவன் கடை வாசலுக்குப் பக்கத்துல நின்னா. அந்தக் கடையில பழைய காசு வாங்குறது சனிக்கிழமைதான். டப்பாவோ பையோ எடுத்துக்கிட்டு யார் வந்தாலும் கைக்குட்டையைப் பிரிச்சுக் காட்டுவா. இதை நான் கழுவிட்டேன், நீங்க கழுவாதீங்க, எந்த வருஷம்னு பார்த்துட்டு அந்தக் கோடிக் கடையிலயும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வித்துக்கங்க. இவ்வளவுதான் பேச்சு. சத்தம் கிடையாது, திட்டு கிடையாது. பத்துப் பேர் வந்தா ஏழு பேர் அப்படியே பஸ் ஏறிட்டாங்க. மூணு சனிக்கிழமை இப்படிப் போச்சு. நாலாவது சனிக்கிழமை நானும் போயிருந்தேன். முன்பணத்துக்கு இன்னும் ரெண்டு நாள்தான் இருந்துச்சு.

அவன் எங்களை உள்ள கூப்பிட்டான். ஒரு கவரை மேஜை மேல வச்சான். தேய்க்காத காசுக்கு என்ன விலையோ அது இருக்கு, காசைக் கொடுத்துட்டு இதை எடுத்துக்கங்க, இனிமே இந்தப் பக்கம் வராதீங்கன்னான். நான் கவரை எடுக்கக் கையை நீட்டிட்டேன், பொய் சொல்லல. அக்கா என் கையைத் தட்டிவிட்டா. கடையில காசு விக்க வந்த ஒரு தாத்தா பிஸ்கட் டப்பாவோட உட்கார்ந்திருந்தார், உள்ள எல்லாம் கறுத்த காசு. அவரைக் காட்டி, முதல்ல அவர் கிட்ட அந்தக் கறுப்பு என்னன்னு சொல்லுங்கன்னா.

அவன் பல்லைக் கடிச்சான். அக்கா முடிச்சைத் திரும்பக் கட்டிக்கிட்டு எழுந்தா. அப்புறம்தான் அவன் வாய் திறந்துச்சு, அதுவும் மேஜையைப் பார்த்து.

"அழுக்கு இல்ல. தேய்க்கக் கூடாது."

"அவருக்குக் காது கேக்கல போல. சத்தமா."

சத்தமாச் சொன்னான். அக்கா காசை வச்சுட்டுக் கவரை எடுத்தா. மறுநாளே அறைச் சாவி அவ கைக்கு வந்துச்சு. மடக்குக் கட்டிலை மட்டும் அண்ணன் வீட்டுலயே விட்டுட்டு வந்தா. அன்னிக்குச் சாயந்திரம் அவளைப் பார்க்கப் போனப்போ கதவு தாழ்ப்பாள் போட்டிருந்துச்சு, நான் தட்ட வேண்டியிருந்துச்சு. திறந்தவ கண்ணு சிவந்திருந்துச்சு. தேய்க்காதேன்னு அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமேடின்னா. நானும் அவளோட உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த சனிக்கிழமை துணி வாங்கப் போனவ பஸ் நிலையத்துக்கிட்ட இறங்கினேன். எதிர்ல கடை வாசல்ல அக்கா நிக்கிறா, கையில வெறும் கைக்குட்டை. பையோட வந்த ஒரு அம்மா கிட்ட ஏதோ சொல்லிக்கிட்டு இருந்தா. கடைக்காரன் படியிறங்கி ஓடி வந்தான். பணம் வாங்கிட்டுப் போய்ட்டு மறுபடி வந்து நிக்கிறீங்களே, இது நியாயமாம்மான்னு கேட்டான். நியாயத்தைப் பத்தி அவன் பேசுறான் பாருங்க.

அக்கா கைக்குட்டையை நாலா மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டா.

"வெள்ளியைத்தான் வித்தேன். வாயை விக்கல."